பக்கவாட்டில் சாயும் பெட்டி

என் வீட்டுக்காரர் ஒரு டிப்பர் பெட்டி வாங்குவதற்கு ஐந்து மாதம் அலைந்தார். வாங்காமலேயே செத்தும் போனார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கொடுத்த காப்பி ஆறுவதற்குள் சரியென்று தலையாட்டிய மனுஷன் அவர். ஒரு இரும்புப் பெட்டிக்கு என்ன இவ்வளவு யோசனை என்று நான் கேலி பண்ணிக்கொண்டே இருந்தேன்.

மினி டிராக்டருக்குப் பின்னால் கோத்து இழுக்கிற சின்ன டிரெய்லர்தான் அது. மண்ணோ எருவோ நிரப்பிக்கொண்டு போய், டிராக்டர் சீட்டில் உட்கார்ந்தபடியே லீவரை இழுத்தால் பெட்டி எழும்பிச் சாய்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும். எங்கள் பக்கத்தில் வாழை போடுகிறவர்கள் பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள். போய், விலை பேசி, கோத்து ஓட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

இவர் மூன்று நிபந்தனை வைத்திருந்தார். அகலம் குறைவாக இருக்க வேண்டும். டிராக்டரோடு கோக்கிற இழுகம்பி குட்டையாக இருக்க வேண்டும், வளைவில் பெட்டி உள்பக்கம் ஒதுங்காமல் டிராக்டர் போன தடத்திலேயே வருவதற்காக. மூன்றாவதுதான் விசேஷம். பெட்டி பின்பக்கம் சாயக் கூடாது, பக்கவாட்டில் சாய வேண்டும். இங்கே ஓடுகிற டிப்பர் எல்லாம் பின்பக்கம் சாய்கிறவை. மண் கொட்ட வேண்டிய இடத்தின் மேலேயே வண்டியைப் பின்னால் ஏற்றி நிறுத்தி லீவரை இழுப்பார்கள். பக்கவாட்டில் சாய வேண்டுமென்றால் தனியாகச் சொல்லிச் செய்ய வேண்டும், ஜாக்கியை வேறு மாதிரி பொருத்த வேண்டும். போன பட்டறையில் எல்லாம் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

“எதுக்குப் பக்கவாட்டுல சாயணும்? ஊருல இல்லாத வழக்கமா?” என்று கேட்பேன்.

“ஒனக்கு எதுக்கு அது? நீ கணக்குப் பேப்பரைத் திருத்து” என்பார். நான் பணி ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியிருந்தது. திருத்த ஒரு பேப்பரும் இல்லை.

வயல் முக்கூடலுக்குப் பக்கத்தில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒன்றேகால் ஏக்கர். நான் பள்ளிக்கூடம், வீடு என்று இருந்தவள். வாழைத்தார் வீட்டுக்கு வந்து இறங்கும்போதுதான் வயல் என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வரும். அவர் போவதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் மார்கழியில் பெருவெள்ளம் வந்து வயலை ஒட்டிய வாய்க்கால் கரையை உடைத்தபோதும், மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபின் அவர்தான் போய்ப் பார்த்தார். நான் வீட்டில் சேறு வழித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். போன மனுஷன் அரை மணி நேரத்தில் தொடை வரைக்கும் சேற்றோடு திரும்பி வந்தார். நேராகப் பீரோவைத் திறந்து, என் தம்பி வாங்கிக் கொடுத்த தேங்காய்ப்பூத் துண்டு ஜோடியில் ஒன்றை உருவினார். வெள்ளை வெளேரென்று, மடிப்புக் கலையாத புதுத் துண்டு. “சேத்தைத் துடைக்கப் புதுத் துண்டுதான் கெடச்சுதா?” என்று கத்தினேன். “வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி வயலுக்குப் போனார். சாயங்காலம் தலையோடு குளித்து ஈர வேட்டியோடு வந்தார். துண்டு வரவில்லை. சோறும் வேண்டாம் என்றுவிட்டார். வாழை முழுக்கச் சாய்ந்து கிடந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டை நான் லேசில் விடவில்லை. எந்தச் சண்டையிலும் கடைசியில் அதில்தான் வந்து நிற்பேன். எங்கே என் துண்டு என்று கேட்டால், “கெடக்க வேண்டிய எடத்துல கெடக்கு” என்பார். திமிரைப் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளம் அடித்துக்கொண்டு போனது வாய்க்காலை ஒட்டிய ஒரு மூலையை. அரை சென்ட் இருந்தால் அதிகம். ஊரில் எல்லாரும் அந்த மூலையை விட்டுவிட்டு உள்ளே தள்ளி வரப்பு போடச் சொன்னார்கள். இவர் கேட்கவில்லை. வாழைக்கன்று நட்ட கையோடு, சட்டியில் மண் அள்ளித் தலையில் சுமந்து அந்தப் பள்ளத்தில் கொட்ட ஆரம்பித்தார். கூலிக்கு ஆள் வைக்கவும் மாட்டார். ஒரு மழை வரும், போட்டதில் பாதி கரையும், மறுபடி சுமப்பார். ஒரு வருஷம் இப்படி. ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபிறகுதான் டிப்பர் பெட்டி தேடும் படலம் தொடங்கியது.

“அரை சென்ட்டுக்கா இந்தப் பாடு? அங்கன என்ன பொன்னா வெளையுது?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் பார்வை இன்றைக்கும் என்னை விடவில்லை. மத்தியானம் வீடு அடங்கிக் கிடக்கும்போது வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது முப்பத்தாறு வருஷம் பின்னால் போக வேண்டும். மகளுக்கு முன்னால் எனக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தான். ஒரு பகல் பொழுது இருந்தான். அவன் உள்ளங்காலை மட்டும் நன்றாகப் பார்த்தேன், முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்படிப் போகிற பிள்ளையை எங்களில் புதைப்பார்கள். பெற்றவளிடம் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். அவள் போய்ப் பார்த்துவிட்டால் அடுத்தது தங்காதாம். என் வீட்டுக்காரரும் மாமனாரும்தான் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். குளித்து, ஈர வேட்டியோடு திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான், வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பால் கட்டி உயிர் போகிற வலி. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினார்கள். அதற்கப்புறம் நான் மல்லிகை வைத்துக்கொண்டதே இல்லை.

மூன்றாவது வாரம் எனக்கு என்ன வந்ததோ, ஒரு மத்தியானம் கொல்லையில் தென்னை மரத்தடியைக் கையாலேயே தோண்டினேன். அங்கே மண் புதிதாகக் கிளறின மாதிரி எனக்குத் தோன்றியது. முழங்கை ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறேன். அவர் ஓடி வந்து தூக்கினார். பதற்றத்தோடு என் விரல் ஒவ்வொன்றாகப் பிடித்து, நகக்கண்ணில் இருந்த மண்ணை ஊக்கால் எடுத்துக் கழுவிவிட்டார். “எங்கன வச்சிய? சொல்லுங்க, எங்கன வச்சிய?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். “ஆத்தோரம்” என்றார். “ஆத்தோரம் வச்சாச்சு. இந்நேரம் தண்ணி கொண்டு போயிருக்கும். தோண்டாத.”

மகள் பிறந்தபிறகு ஒருமுறை கேட்டேன். அவள் கல்யாணத்துக்கு அப்புறம் ஒருமுறை கேட்டேன். ஆத்தோரம், ஆத்தோரம். வேறு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், இவரைத் தவிர அந்த இடம் தெரிந்தவர் பூமியில் இல்லை. என் பிள்ளை எங்கே கிடக்கிறான் என்பது தெரியாமலேயே நான் கண்ணை மூடிவிடுவேனோ என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம். மற்றதெல்லாம் சும்மா.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிட்டேன். தினமும் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஆற்றுப் பாலத்தில்தான் போகும். பாலம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அவன் வயதைக் கணக்குப் போடுவேன். இன்றைக்கு ஏழு, இன்றைக்குப் பத்தாம் வகுப்பு. அவன் வயசுப் பையன்கள் எதிரில் உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியாது என்றுதான் பெண்கள் பள்ளிக்கு மாறுதல் கேட்டு வாங்கினேன். அங்கேயே ஓய்வும் பெற்றேன். எங்கள் தெரு முழுக்க ஆற்றில் குளிக்கும். நான் காலைக்கூட நனைத்ததில்லை.

ஆடி மாதம் அவர் போனார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கேட்க முடிந்த ஒரே ஆளும் போயாயிற்று. காரியம் நடக்கும்போது வந்தவர்கள் அவரை நினைத்து அழுகிறேன் என்று என்னைத் தேற்றினார்கள். நான் பாதி அதற்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

மகள் வயலை விற்றுவிடு என்றாள். நான் பிடி கொடுக்கவில்லை. புரட்டாசியில் எங்கள் டிராக்டர் டிரைவர் வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், பதினைந்து வருஷமாக எங்களோடு இருக்கிறார். “டீச்சர், அந்த மூலையை இப்படியே விட்டா ஐப்பசி மழைல வாய்க்கா உள்ள வந்துரும். குளத்துக் கரம்பை மண்ணு அள்ள அனுமதி கெடச்சிருக்கு. ஒரு பெட்டி மட்டும் வாங்கிட்டா ரெண்டே நாள்ல ரொப்பிரலாம்” என்றார்.

சரி, இந்தத் தடவை காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். ஆலங்குளம் சாலையில் ஒரு கடையில் தயாராக ஒரு பெட்டி நின்றது. பச்சை பெயின்ட், புது டயர், பின்பக்கம் சாய்கிற டிப்பர். கடைக்காரர் லீவரை இழுத்துச் சாய்த்தே காட்டினார். “எல்லாரும் இதைத்தான் வாங்குதாவ” என்றார். எனக்கும் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தபோது டிரைவர் தலையைச் சொறிந்தார்.

“பேட்டையில ஒரு பட்டறையில அண்ணாச்சி சொல்லி வச்சிருந்தாவ டீச்சர். அவங்ககிட்ட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கிட்டா மரியாதையா இருக்கும்.”

அதுவும் நியாயம்தான். மறுநாள் பேட்டைக்குப் போனோம். டிரைவர் எதிர்க் கடையில் டீ குடிக்க ஒதுங்கிவிட்டார், நான் மட்டும் உள்ளே போனேன். பட்டறைக்காரருக்கு என் வயது இருக்கும். நான் யாரென்று சொன்னதும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க டீச்சர். அண்ணாச்சி தவறுன சேதி லேட்டாத்தான் காதுல விழுந்துது. மனசே கேக்கல.”

“பெட்டி வேண்டாம்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ரெடியா ஒண்ணு பாத்துட்டோம்.”

“பின்னால சாயுததா?”

“ஆமா.”

“அது உங்களுக்குத் தோதுப்படாதே டீச்சர். கொட்டணும்னா வண்டி மூலைக்குள்ள ஏறணும்லா?”

“ஏறினா என்ன? அரை சென்ட் எடம்.”

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். என் வீட்டுக்காரர் கையெழுத்து. வயல், வாய்க்கால், டிராக்டர் வந்து திரும்பிப் போகிற வளைவு, சக்கரத் தடம் இரண்டு கோடாக. வாய்க்கால் மூலையில் ஒரு சின்ன வட்டம்.

“நானும் இதையேதான் சொன்னேன். பின்னால ஏத்தி ஒரு கொட்டு கொட்டுனா முடிஞ்சு போச்சு, எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு மெனக்கெடுதியன்னு கேட்டேன். பொறவுதான் சொன்னாவ, ‘அங்கன சக்கரம் ஏறக் கூடாது வே. என் மூத்த புள்ளைய அங்கனதான் அடக்கம் பண்ணிருக்கேன்’னு.” அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “உங்களுக்குத் தெரியாததா டீச்சர்.”

“தெரியும்” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது என்று ஒரு பட்டறையில் உட்கார்ந்து சொல்ல என் மானம் இடம் கொடுக்கவில்லை. முதலில் வந்தது கோபம்தான், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் சோறு போட்டவளிடம் சொல்லாததை, இழுகம்பி எத்தனை அடி என்று கேட்ட ஒரு மனுஷரிடம் சொல்லியிருக்கிறார். உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

ஆனால் கையைப் பார்த்தேன். மடியில் கிடந்த என் விரல்களைப் பார்த்தேன். அந்த நகக்கண்கள். தோண்ட முடியாத இடமாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. அதனால் ஆற்றைச் சொல்லியிருக்கிறார். ஒருதடவை சொன்ன பிறகு திருப்பி எடுக்க வழி தெரியாமல், அந்தப் பொய்யோடேயே கிடந்திருக்கிறார். நான் அவனைத் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ அவன் பக்கத்திலேயே வாழை நட்டு, தண்ணீர் பாய்ச்சி, அந்த வட்டத்துக்குள் ஒரு காலடி படாமல் காவல் இருந்திருக்கிறார். அந்த மூலையைத்தான் பொன்னா வெளையுது என்று கேட்டேன் நான்.

படத்தை மறுபடி எடுத்தேன். நான் கணக்கு டீச்சர், வளைவைக் கண்டால் அளக்காமல் இருக்க முடியாது. டிராக்டர் திரும்பும்போது பெட்டியின் உள்சக்கரம் எவ்வளவு ஒதுங்கும் என்று ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். பத்தாவது தாண்டாத மனுஷன், கணக்கு அநேகமாகச் சரியாகத்தான் இருந்தது. ஒரு சாண் இடைவெளி விட்டுச் சக்கரம் வட்டத்தைக் கடந்தது. எனக்கு ஒரு சாண் போதவில்லை.

“இழுகம்பியை இன்னும் அரை அடி குறைங்க” என்றேன்.

“அரை அடி கொறைச்சா திரும்புதப்போ டிராக்டர் டயர் பெட்டியில இடிக்கும் டீச்சர். மூணு அங்குலம் கொறைக்கலாம்.”

“அப்ப மூணு அங்குலம். மத்ததெல்லாம் அவங்க போட்டபடி.”

திரும்பும்போது பாலத்தில் பஸ் ஏறியதும் வழக்கம்போலக் கண்ணை மூடினேன். பிறகு திறந்து ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் நான் பேசிக்கொண்டிருந்த இடத்தில் யாருமே இருந்திருக்கவில்லை. நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால் இல்லை. ஏனென்றால் இன்னொன்று அப்போதுதான் உறைத்தது. வெள்ளம் அரித்துக்கொண்டு போனது அந்த மூலையைத்தான். ஆறு வயலுக்கே வந்து அவனைக் கொண்டு போயிருந்தால்? அவர் ஒரு வருஷம் தலைச்சுமையாக ரொப்பியது வெறும் பள்ளத்தையா? பொய்யாகச் சொன்னதை வெள்ளம் வந்து நிஜமாக்கிவிட்டுப் போய்விட்டதா? இதையும் யாரிடம் போய்க் கேட்பேன்? பெட்டி தயாராவதற்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் நான் நானாக இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய், ஆளில்லாத நடையைப் பார்த்து, “இருக்கானா இல்லையா, அதையாவது சொல்லிட்டுப் போங்க” என்று வாய்விட்டே கேட்டேன்.

பெட்டி வந்தது. பட்டறைக்காரர் செங்காவி பெயின்ட் அடித்திருந்தார். குட்டையாக, ஒடுக்கமாக, பார்க்கவே விநோதமாக இருந்தது. ஐப்பசி பிறப்பதற்கு நாலு நாள் முன்னால், காலை வெயிலில், நான் கல்யாணமாகி வந்தபிறகு முதல் தடவையாக அந்த மூலைக்குப் போய் நின்றேன். பள்ளம் பாதி ரொம்பியிருந்தது. அவர் சுமந்த மண். அதன் மேல் கோரை முளைத்திருந்தது.

டிரைவர் கரம்பை ஏற்றிக்கொண்டு வந்து, படத்தில் இருந்த வளைவிலேயே திரும்பினார். நான் உள்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் இருக்க வேண்டிய இடத்துக்கு வெளியே, ஒரு சாணும் இன்னும் கொஞ்சமும் தள்ளி அது போயிற்று. பெட்டி பக்கவாட்டில் எழும்பியது. கறுப்பு மண் சரிந்து பள்ளத்தில் இறங்கியது.

டிரைவர் இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அண்ணாச்சி இருந்து பாத்திருக்கணும். இந்த மூலை மேல அவியளுக்கு அப்படி ஒரு இது. வெள்ளம் வடிஞ்ச அன்னைக்கு நான் வந்து பாக்கேன், ஒத்தையில இங்கன முட்டுக்கால் போட்டு, கையாலயே சேத்தைத் தோண்டிட்டு இருக்காவ. ஒத்தாசைக்கு வாரேன்னேன். ‘வராத, அங்கனயே நில்லு’ன்னு ஒரு சத்தம். அப்படி அவிய சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. பக்கத்துல வெள்ளைத் துணி ஒண்ணு விரிச்சு வச்சிருந்தாவ. ஏதோ பொறுக்கிப் பொறுக்கி அதுல வச்சு, சுருட்டி, இதே மூலையில கொஞ்சம் உள்ள தள்ளி ஆழமா ஒரு குழி வெட்டி வச்சு மூடுனாவ. சாமி காரியம்னு நெனச்சுட்டு நான் கேக்கல டீச்சர்.”

அது என் துண்டு. என் தம்பி கொடுத்தது. கெடக்க வேண்டிய எடத்துல கெடக்கு என்று அத்தனை தடவை அவர் சொன்னாரே, கடைசி வரைக்கும் எனக்குக் கேட்கவே இல்லையே. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. மண்ணில் கையை வைத்தேன். தோண்ட வேண்டும் போல இல்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தால் போதும் போலிருந்தது.

டிரைவர் அடுத்த நடை போய்விட்டு வந்தார். வளைவில் திரும்பி நிறுத்தி, லீவரில் கை வைத்துக்கொண்டு, கொட்டலாமா என்று என்னைப் பார்த்தார்.

“பையக் கொட்டுங்க தம்பி” என்றேன். “கீழ எம்புள்ள கெடக்கான்.”

அவர் என்னைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, லீவரைப் பைய இழுத்தார்.